காற்றும் தூரமும்: எவ்வளவு தூரத்தில் வெடி வைப்பது நியாயம்?

படுவான்கரைத் தம்பி (வெல்லாவெளி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. இவ்வளவு காலமும் அப்பாதான் வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கிவிட்டதால் இப்போது என் பெயருக்கு மாற்றியாயிற்று. சோளன் சேனைக்கும் வயலுக்கும் பன்றி இறங்காத இரவு இல்லை.

அப்பா சொல்வது ஒன்றுதான்: 25 மீற்றருக்கு அங்கால் நின்றால் விட்டுவிடு, அது உன்னுடைய பன்றி இல்லை. யூடியூப்பில் பார்த்தால் 800 மீற்றரில் மான் விழுகிறது. அவுஸ்திரேலியாவில் இருக்கிற சின்னம்மாவின் மகன் மலைக்கு மலை மரை சுடுகிற படங்கள் அனுப்புகிறான். துவக்குக்குத் துவக்கு தூரம் மாறும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்த எல்லையை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? காற்றை எப்படிக் கணிக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நெறியாளர் (அம்பாறை)

விவாதம் தொடங்குமுன் ஒரு சொல். இலங்கையில் மான், மரை, கேளையாடு, உக்குளான் எதையும் வேட்டையாட முடியாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தம்பி கேட்பது தன் காணிக்குள் பயிரை அழிக்கும் பன்றியைப் பற்றி, அது வேறு. மற்றபடி மரை, எல்க் பற்றி எழுதுகிறவர்கள் எந்த நாட்டில், எந்த அனுமதியோடு என்பதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். குமண, லகுகல, கல்லோயா தேசியப் பூங்காப் பக்கக் கதைகள் இங்கே வேண்டாம்.

களுவாஞ்சிகுடியான் (நோர்வே)

தம்பி, நல்ல கேள்வி. இங்கே ஆட்கள் பெரும்பாலும் எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா என்றுதான் கேட்பார்கள். எல்லையை யார் போடுவது என்று கேட்பவர் குறைவு.

நோர்வேயில் எல்க் வேட்டை பெரும்பாலான இடங்களில் செப்டெம்பர் 25 தொடங்கும். எல்க் என்றால் மானினத்திலேயே பெரியது, வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். காட்டுக்குள் போகுமுன் ஒவ்வொரு வருடமும் சுடும் சோதனை ஒன்றில் தேறியிருக்க வேண்டும். 100 மீற்றரில் மிருக உருவம் வரைந்த பலகை, அதில் 5 வெடி. ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று வெளியே போனாலும் திரும்ப முதலிலிருந்துதான். அதற்கு முன் 30 பயிற்சி வெடி வைத்ததும் பதிவாகியிருக்க வேண்டும். அதோடு, காயப்பட்ட மிருகத்தைத் தேடப் பழக்கிய நாய் ஒன்றும் ஏற்பாட்டில் இருக்க வேண்டும். இது சட்டம்.

இதில் கவனியுங்கள், அரசாங்கம் கேட்பது வெறும் 100 மீற்றர். எல்க் பெரும்பாலும் காட்டுக்குள் 100 மீற்றருக்குள்தான் விழுகிறது. என் துவக்கு 300 மீற்றரிலும் கொல்லும். ஆனால் நான் வழக்கமாக 150ஐத் தாண்டுவதில்லை. காரணம் காற்று.

என்னுடையது .308 றைபிள் (சன்னத்தின் விட்டம் அங்குலத்தில்). மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் நேர் பக்கவாட்டாகக் காற்று அடித்தால் வழக்கமான ஒரு சன்னம் 100 மீற்றரில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் விலகும். அது ஒன்றுமில்லை. 200 மீற்றரில் 9. 300இல் 22 அளவில். 400இல் 40. தூரம் இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்குக்கும் மேலே போகிறது. சாதாரண மான் ஒன்றில் நெஞ்சாங்குலையும் நுரையீரலும் சேர்ந்த இடம் 20, 25 சென்ரிமீற்றர் வட்டம்தான். அதற்குப் பின்னால் குடல்.

காற்று வருகிற கோணத்தையும் பார்க்க வேண்டும். நேர் பக்கவாட்டில் வந்தால் முழு விலகல். சுடும் திசைக்கு 45 பாகையில் வந்தால் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவு. 30 பாகையில் பாதி. முகத்துக்கு நேரே வந்தாலோ முதுகில் அடித்தாலோ பக்கவாட்டு விலகல் கிடையாது.

வேகத்தைக் கண்ணால் எப்படிக் கணிப்பது? முகத்தில் காற்றுப் படுவது தெரிந்து இலை சலசலத்தால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீற்றர். இலையும் சிறு குச்சிகளும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19. புழுதியும் சருகும் கிளம்பி, சின்னக் கிளைகள் அசைந்தால் 20 முதல் 28. சின்ன மரமே சாய்ந்து ஆடினால் 29க்கு மேலே. அந்த நேரம் நான் துவக்கை இறக்கிவிடுவேன்.

மரைத்தடம் (மெல்பேர்ண்)

ஆரையம்பதியில் பிறந்தவன், விக்டோரியா மாநில வேட்டை அனுமதி உள்ளவன். இங்கேயுள்ள மரைகளின் மூதாதையரில் ஒரு பகுதி இலங்கையிலிருந்தே 1860களில் கப்பலில் வந்தவை. இன்று விக்டோரியாவின் மலைக்காடு முழுக்கப் பரவி நிற்கின்றன. மரைக்கு .270க்குக் குறைந்த துவக்கும், 130 கிறெயின் நிறைக்குக் குறைந்த சன்னமும் இங்கே சட்டப்படி ஆகாது.

களுவாஞ்சிகுடியான் சொல்கிற கணக்குச் சரி. ஆனால் 150 மீற்றர் எல்லை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இங்கே ஒரு மலைச்சரிவில் படுத்துக்கொண்டு எதிர்ச்சரிவைத் தொலைநோக்கியால் தேடுவோம். நடுவிலே பள்ளத்தாக்கு. இறங்கி ஏறினால் மரை மணம் பிடித்துவிடும், இரண்டு மணி நேரமும் போய்விடும். தூரத்தை லேசர் கருவி மீற்றர் பிசகாமல் சொல்கிறது. கையில் காற்றுமானி இருக்கிறது. போனில் கணக்குப் போடும் செயலி இருக்கிறது. இரண்டுகால் தாங்கியில் துவக்கை வைத்துப் படுத்தபடி, அசையாமல் நிற்கிற மரையை 350 மீற்றரில் சுடுவது ஏன் நியாயமில்லை? காட்டுக்குள் 40 மீற்றரில் திடுக்கிட்டு ஓடுகிற மிருகத்தை நின்றபடி சுடுகிறார்களே, அதிலே காயப்பட்டுப் போகிறது இதைவிட அதிகம். தூரத்தை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

களுவாஞ்சிகுடியான் (நோர்வே)

ஓடுகிற மிருகத்தைப் பற்றிச் சொன்னது நூறு வீதம் உண்மை தம்பி. அதில் எனக்கு மறுப்பே இல்லை. கிட்ட நின்று கண்டபடி சுடுகிறவனும் குற்றவாளிதான்.

ஆனால் லேசர் தருகிற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. தூரம் தெரிந்தால் சன்னம் எவ்வளவு கீழே இறங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம், புவியீர்ப்பு நேற்றும் இன்றும் ஒன்றுதான். காற்று அப்படியா? உங்கள் காற்றுமானி நீங்கள் படுத்திருக்கிற இடத்துக் காற்றை மட்டும் சொல்கிறது. நடுப் பள்ளத்தாக்கில் சன்னம் தரையிலிருந்து எவ்வளவோ உயரத்தில் பறக்கிறது. அங்கே என்ன காற்று என்று எந்தக் கருவி சொல்லும்? எதிர்ச்சரிவில் அதுவே திசை மாறி அடித்தால்?

ஒன்று செய்து பாருங்கள். காற்று 16 என்று நீங்கள் கணித்தீர்கள், உண்மையில் 8தான். அனுபவம் உள்ளவர்களுக்கும் இந்த அளவு பிசகு சர்வசாதாரணம். 100 மீற்றரில் பிசகு 1 சென்ரிமீற்றர், மிருகத்துக்கு வித்தியாசமே தெரியாது. 300இல் 11. நெஞ்சின் நடுவைக் குறிவைத்தாலும் வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். 400இல் 20. அது குடலில் பட்ட வெடி. அந்த மிருகம் மணிக்கணக்கில் கிடந்து சாகும், சில வேளை அடுத்த நாள்வரை. விலகல் எவ்வளவு என்று தெரிந்தால் திருத்தலாம். என் கணிப்பு எவ்வளவு பிசகும் என்பதற்குத் திருத்தமே கிடையாது, கிட்டப் போவது ஒன்றைத் தவிர. ஆகவே என் எல்லையை என் துவக்கு தீர்மானிப்பதில்லை. காற்றைப் பாதிக்குப் பாதி பிழையாக எடுத்தாலும் வெடி நெஞ்சுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் அன்றைக்கு எல்லை. காற்றில்லாத காலையில் அது நீளும். காற்று எழும்பினால் சுருங்கும்.

இன்னொன்று, 300 மீற்றருக்குச் சன்னம் போய்ச் சேர அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் குறைவு ஆகும். விசையை அழுத்திய பிறகு மிருகம் ஒரு அடி எடுத்து வைத்தாலே அரை மீற்றர் நகர்ந்துவிடும். அதைத் தடுக்க எந்தக் கைத்திறமையாலும் முடியாது.

மரைத்தடம் (மெல்பேர்ண்)

அந்த அரைச் செக்கன் விசயத்தை ஒப்புக்கொள்கிறேன். காற்றைப் பற்றிச் சொன்னதிலும் பாதி ஒப்புக்கொள்கிறேன். பள்ளத்தாக்குக் காற்றை முழுக்கவே படிக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்தால் கானல் ஓடுவது தெரியும். அது நேரே மேலே கொதித்தால் காற்றில்லை, அல்லது நம் நேர்கோட்டில் வருகிறது. சரிந்து ஓடினால் மிதமான காற்று. படுத்த மாதிரி ஓடினால் பலமான காற்று. அந்த இடத்துப் புல், மரத்தில் தொங்குகிற பட்டை எல்லாமே சொல்லும். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறினால் மேல்நோக்கித் திரும்பும். அந்த மாறுகிற நேரம் ஒருவரும் சுடக்கூடாது, அதை நானும் கடைப்பிடிக்கிறேன்.

என் எல்லை 300. அதுவும் படுத்திருந்து, மிருகம் பக்கவாட்டில் நின்று, இரண்டாவது வெடிக்கு நேரம் இருந்தால். யூடியூப்பின் 800 மீற்றரை நானும் வேட்டை என்று சொல்ல மாட்டேன்.

அக்கரைப்பற்றுக் காக்கா

மகன், வெளிநாட்டுத் தம்பிமார் சொல்வதெல்லாம் அருமையான விசயம். வாசித்துச் சந்தோசப்பட்டேன். ஆனால் உங்கள் கையில் இருப்பது றைபிள் இல்லை. பல சன்னம் சேர்ந்து பறக்கிற எஸ்.ஜி. தோட்டாவுக்குக் காற்று விலகலைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, 25 மீற்றரில் அது கணக்கிலேயே வராது. நமக்குக் காற்று தேவை பன்றியின் மூக்குக்காக.

நாங்கள் பன்றியைத் தொடுகிற ஆட்கள் இல்லை. இறைச்சி எங்களுக்கு ஆகாது. ஆனால் சாகாமம் பக்கத்து வயல் வட்டையில் காலங்காலமாக வேளாண்மை செய்கிறோம், பன்றி எங்கள் காணிக்காரப் போடிமாருக்கும் வயல் பார்க்கிற முல்லைக்காரருக்கும் தூக்கம் கெடுத்த எதிரி. அதனால் ஆசைக்குச் சுடவில்லை, தேவைக்குத்தான். தேவைக்குச் சுடுகிறவனுக்குத்தான் பொறுமை கூட வேண்டும் என்று என் வாப்பா சொல்வார்.

பன்றிக்குக் கண் பார்வை மட்டம், மூக்குப் பயங்கரம். காற்று நம் முதுகுப் பக்கமிருந்து அதன் பக்கம் போனால் வயலுக்குள் இறங்கவே இறங்காது, வந்தாலும் தூரத்தில் நின்று உறுமிவிட்டுத் திரும்பிவிடும். அந்த நேரம்தான் பொடியன்மார் ஆத்திரத்தில் 50, 60 மீற்றரில் வெடி வைப்பது. ஆகவே தூரப் பிரச்சினை அரைவாசி காற்றுப் பிரச்சினை. காவல்குடிலை சரியான பக்கத்தில் போட்டால் பன்றி தானாகக் கிட்ட வரும், தூரத்து வெடிக்கு அவசியமே இருக்காது.

நம் பக்கம் பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், இரவில் தரையிலிருந்து கடலுக்குப் போகும். ஆனால் சிறுபோகத்தில், ஜூன் ஜூலையில், கச்சான் காற்றுத் தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். மேற்கே மலையைத் தாண்டிக் காய்ந்து சூடாகி இறங்குகிற காற்று அது. கடற்காற்றையே தள்ளிவிடும், வெக்கையும் 38 பாகையை எட்டும். நெல்லுக் கதிர் பழுக்கிற காலமும் அதுதான். பன்றி மேற்கே காட்டிலிருந்து வருகிறது, காற்றும் மேற்கிலிருந்து. அப்படியானால் குடில் வயலின் கிழக்குப் பக்கம். பெரும்போகத்தில் வாடை வடகிழக்கில் நிற்கும், அப்போது அதே குடிலில் இருந்தால் உங்கள் மணம் நேரே காட்டுக்குள் போகும். நான் போகத்துக்குப் போகம் இடம் மாற்றுவேன். கையில் சாம்பல் கொஞ்சம் எடுத்து விட்டுப் பாருங்கள், மெல்லிய காற்றையும் காட்டிவிடும். பீடி, சென்ட், நுளம்புத்திரி மூன்றும் குடிலில் கூடாது.

கரையோரத்தான் (வாகரை)

காக்கா சொன்னதையே எங்கள் பக்கம் வேடப் பரம்பரைக் கிழவர்களும் சொல்வார்கள். கதிரவெளி, பால்சேனைப் பக்கம் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. வில் அம்பு காலத்தில் மிருகத்தின் மூச்சுக் கேட்கிற தூரத்துக்குப் போகாமல் நாணை இழுப்பதில்லை என்று கேட்டிருக்கிறேன். மணம் போகிற பக்கத்தை அறியாதவன் காட்டுக்குள் கால் வைக்கவே மாட்டானாம். துவக்கு வந்த பிறகு நடக்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. அங்கேதான் பிழை தொடங்கியது என்பது என் எண்ணம்.

கமக்காரி (உன்னிச்சை)

நான் துவக்குப் பிடிக்கிறவள் இல்லை. ஆனால் இந்த விவாதத்தில் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனென்றால் காயப்பட்ட பன்றி கடைசியில் எங்களிடம்தான் வருகிறது.

சென்ற போகத்தில் பக்கத்து வட்டையில் ஒருவர் இரவு தூரத்தில் வெடி வைத்திருக்கிறார். பன்றி விழவில்லை. அவர் ஒருவருக்கும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார். விடிய நானும் மச்சாளும் களை பிடுங்கப் போனோம். வரம்போரத்துப் புல்லுக்குள் அது கிடந்தது. பின்னங்கால் இரண்டும் இழுபட்டபடி, வாயில் நுரை, வயிற்றுப் பக்கம் ஈ மொய்த்த காயம். எங்களைக் கண்டதும் முன்னங்காலால் இழுத்து இழுத்துப் பாய வந்தது. மச்சாள் வாய்க்காலுக்குள் விழுந்து கை முறிந்தது. அந்தப் பன்றியை ஆட்கள் வந்து அடித்துக் கொல்லும்வரை அது கத்திய கத்தல் இன்னும் காதுக்குள் நிற்கிறது. எங்கள் நெல்லைத் தின்றதுதான். ஆனாலும் அப்படிச் சாக வேண்டியதில்லை.

தூரத்து வெடியைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். வழியில் கட்டிவைத்து, கம்பியில் பட்டதும் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதற்கு எந்தத் தூரம், எந்தக் காற்று? பன்றி வருகிறதா, மாடு வருகிறதா, விறகுக்குப் போன பிள்ளை வருகிறதா என்று பார்க்க அங்கே ஆளே இல்லை. தீனிக்குள் மறைத்து வைக்கிற வெடியான ஹக்கப்பட்டாஸ் அதைவிடக் கொடுமை. பன்றிக்கென்று வைப்பதை யானைக்குட்டி கடித்து, வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. இரண்டும் சட்டவிரோதம். நியாயமான தூரம் பற்றிப் பேசுகிற இடத்தில் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

நெறியாளர் (அம்பாறை)

அக்கா சொன்னதை மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் அதை வாசிக்கட்டும். உங்கள் மச்சாள் இப்போது சுகமா?

கமக்காரி (உன்னிச்சை)

கை கூடிவிட்டது ஐயா. பாரம் தூக்கத்தான் இன்னும் ஏலாது.

படுவான்கரைத் தம்பி (வெல்லாவெளி)

அக்காவின் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுக் கனநேரம் பேசவில்லை. அப்புறம், "வெடி வைத்தவன் விடியுமுன் நாலு பேருக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

எனக்கு இரண்டு விசயம் இன்னும் தெளிய வேண்டும். 25 மீற்றர் என்பது எஸ்.ஜி.க்கு எல்லோருக்கும் பொதுவா, அல்லது என் துவக்குக்கு வேறா? பன்றியில் எங்கே வைப்பது? அப்பா "காதடி" என்கிறார். சிலர் "தோள்" என்கிறார்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா

பன்னிரண்டு போர் எஸ்.ஜி.யில் வழக்கமாக 9 சன்னம். பழைய குழல்களில் 40 மீற்றருக்குப் போனால் அந்த ஒன்பதும் ஒரு மீற்றர் அகலத்துக்குக்கூட விரிந்துவிடும். பன்றியின் நெஞ்சில் ஒன்றோ இரண்டோ படும், மிச்சம் வயிற்றிலும் காலிலும். அக்கா கண்ட பன்றி அப்படிப்பட்டதுதான். உங்கள் குழல் எப்படி விரிக்கிறது என்பதை உங்கள் குழல்தான் சொல்லும். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, பின்னால் மண்மேடு இருக்கிற இடத்தில், பகலில் வைத்துப் பாருங்கள். 15, 20, 25 மீற்றரில் ஒவ்வொரு வெடி. ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் பெரும்பாலான சன்னம் எந்தத் தூரம்வரை நிற்கிறதோ, அதுவரைதான் உங்கள் எல்லை. 20இலேயே சிதறினால் 20க்கு உள்ளே. உங்கள் வாப்பாவின் 25 அவர் அந்தத் துவக்கோடு பழகிக் கண்டது என்றுதான் நினைக்கிறேன்.

களுவாஞ்சிகுடியான் (நோர்வே)

இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பன்றியின் நெஞ்சாங்குலை நாம் நினைப்பதைவிடக் கீழேயும் முன்னாலேயும் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, உடம்பின் உயரத்தைக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு எடுத்த இடம். முதுகுப் பக்கமாக மேலே வைத்தால் முள்ளந்தண்டுக்கு மேலே மயிருக்குள்ளால் போய்விடும், பன்றி அந்த இடத்தில் விழுந்து, எழும்பி ஓடிவிடும். வயதான ஆணுக்குத் தோளில் தடித்த கவசம்போலத் தோல் இருக்கிறது, எஸ்.ஜி. சன்னம் தூரத்தில் அதைத் துளைக்காது. காதடி சரிதான், ஆனால் தலை ஓயாமல் அசையும், மிகக் கிட்ட இருந்தால் மட்டும்.

நேரே முகம் காட்டி நிற்பதையும், பின்பக்கம் காட்டுவதையும், பின்னால் குட்டி நிற்பதையும் சுட வேண்டாம். ரோச் வெளிச்சத்தில் முழு உருவம் தெரியாமல் கண் மினுங்குவதைப் பார்த்துச் சுடவே கூடாது. மாட்டின் கண்ணும் மினுங்கும்.

வெடி பட்டு ஓடினால் உடனே பின்னால் ஓடாதீர்கள். பட்ட இடத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு அரை மணி நேரம் இருங்கள். பிறகு இரத்தத்தைப் பாருங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், கிட்டவே கிடக்கும். கறுத்த சிவப்பு ஈரலாக இருக்கலாம். பச்சை கலந்து நாற்றமடித்தால் குடல். அப்படியானால் இரவில் போகவே வேண்டாம், இன்னும் சில மணி நேரம் விட்டு, வெளிச்சத்தில், ஆளோடும் துவக்கோடும் போங்கள்.

கமக்காரி (உன்னிச்சை)

அந்தச் சில மணி நேரத்துக்குள் நாங்கள் வயலுக்கு இறங்கிவிடுவோமே. காயப்பட்ட பன்றி எந்தப் பக்கம் போனது என்று அந்த இரவே வட்டைக்காரர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படுவான்கரைத் தம்பி (வெல்லாவெளி)

சரி அக்கா. எங்கள் கமக்காரர் அமைப்புக்கு வட்சப் குழு இருக்கிறது, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையும் அதில் இருக்கிறார். வெடி வைத்தால் பட்டதோ படவில்லையோ, எந்த வயற்கண்டம், எந்தப் பக்கம் ஓடியது என்று உடனே குரல்பதிவு போடுவதாக அவரிடம் பேசியாயிற்று. துவக்கு வைத்திருக்கிற மற்றவர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் மட்டும் யோசிக்கிறார்.

அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தேன் காக்கா. 20 மீற்றரில் தட்டுக்குள் ஏழு நின்றது. 25இல் நாலு. அப்பாவிடம் சொன்னதும், குழல் தேய்ந்திருக்கும், இனி 20 என்று வைத்துக்கொள் என்றார். இப்போது கச்சான் தொடங்கிவிட்டது, குடிலை நாளைக்குக் கிழக்கு வரம்புக்கு மாற்றுகிறோம். அங்கே நிழலுக்கு ஒரு மருதமரம் மட்டும்தான் நிற்கிறது. மரத்தடி நல்லதா, அல்லது வெளியிலே போடலாமா?

அக்கரைப்பற்றுக் காக்கா

மரத்தடி வேண்டாம் மகன். மரத்தைச் சுற்றிக் காற்றுச் சுழலும், மணம் எந்தப் பக்கம் போகிறது என்று பிடிபடாது. பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி வெளியில் போடுங்கள். கிடுகை மேற்குப் பக்கம் இடுப்பளவுக்கு மட்டும் கட்டுங்கள்.